குடும்ப வண்டி

ஜனவரி 6

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். உன் முதுகுவலி எப்படி? போனில் கேட்டால் "பரவாயில்ல, பரவாயில்ல" என்று வைத்துவிடுவாய். எழுதினால்தான் உன்னிடமிருந்து முழுசாக நாலு வாக்கியம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

கார் வாங்கப் போகிறேன். சிரிக்காதே. ஸ்கூட்டரில் முன்னால் மருந்துப் பெட்டி, பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர் என்று மழையில் நனைந்து போய் நின்றால், படுத்திருக்கிற நோயாளி எனக்குத் துண்டு தேடுகிறார். போன வாரம் சறுக்கி விழுந்து, என் முட்டிக்கு நானே கட்டுப் போட்டுக்கொண்டேன். வீடு வீடாகப் போகிற நர்ஸுக்குப் புது வண்டி கட்டுப்படியாகாது. பழையதுதான்.

நேற்று ஒரு விற்பனைக் கொட்டகைக்குப் போனேன். "டாக்டர் வச்சிருந்த வண்டி மேடம். வாரத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பார்" என்றான் அந்த ஆள். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அந்த டாக்டர் மீதி நாளெல்லாம் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. உள்ளே எலுமிச்சை வாசனை தூக்கியடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனை, ஈரத்தில் ஊறி அழுகிய துணி மாதிரி. அண்ணா, நான் சீழ் வைத்த புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு நேரே சாப்பிட உட்காருகிறவள். அந்த எலுமிச்சைக்குத்தான் குமட்டிக்கொண்டு வந்தது. புண்ணாவது பொய் சொல்லாது.

அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மதிப்புப் போடுகிற சர்வேயர் எனக்கு அண்ணனாக இருக்கும்போது, நான் ஏன் கண்டவனிடம் ஏமாற வேண்டும்? சொல்லிக்கொடு.

அக்காவும் அத்தானும் சௌக்கியம். பெயின்ட் கடையில் அத்தானுக்குத் தலை சொறிய நேரமில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
மூக்கி


ஜனவரி 15

அன்பு மூக்கிக்கு,

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. உன் முட்டியில் மழைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

சொல்கிறேன், கேள். வண்டியைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் பார். காலையில் போ. போனதும் பானட்டைத் தொடு. சூடாக இருந்தால் நீ வருமுன்பே ஓட வைத்திருக்கிறான் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது போடுகிற சத்தத்தை உனக்குக் காட்ட அவனுக்கு மனமில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழு. வெள்ளத்தில் நின்ற வண்டியை எத்தனை முறை கழுவினாலும், பெல்ட்டின் அடிப்பக்கத்தில் சேற்றுக்கோடு போகாது. கதவுக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் வருடம் பொறித்திருக்கும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார். அவன் காட்டுகிற மெக்கானிக்கிடம் போகாதே, நீயாக ஒருவரைத் தேடி வண்டியை மேலே தூக்கி அடிவயிற்றைப் பார்க்கச் சொல். "குடும்ப வண்டி" என்று எவனாவது ஆரம்பித்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பார்.

இந்த வேலையில் எனக்கு மனிதர்கள் மேலேயே ஒரு ஓக்காளம் வந்துவிட்டது. போன வாரம் ஒருவர், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், தன் வண்டியின் கதவைத் தானே சுத்தியலால் அடித்துவிட்டு, மாடு முட்டிவிட்டது என்று நஷ்டஈடு கேட்டார். முட்டின மாட்டுக்கு வட்டமான ஒற்றைக் கொம்பா சார் என்றேன். கோபித்துக்கொண்டார்.

அவசரப்படாதே. வண்டி கிடைக்கும்.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணா,

முட்டி ஆறிவிட்டது. நீ சூட்டு ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் பாடத்தை வைத்துக்கொண்டு மூன்று வண்டி பார்த்தேன். முதல் வண்டியில் பெல்ட்டை இழுத்தேன். "மெதுவா மேடம், அறுந்துடும்" என்று பதறினார் விற்கிறவர். நீ சொன்ன சேறு. விரலில் தேய்த்துக் காட்டினேன். "அது தூசி" என்றார். "மோந்து பாத்துச் சொல்லுங்க" என்று விரலை நீட்டினேன். மனுஷன் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

இரண்டாவது வண்டிக்காரர் வெள்ளைச் சட்டை, மென்மையான பேச்சு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். இடது பக்கக் கண்ணாடிகளில் ஒரு வருடம், வலது பக்கத்தில் வேறு வருடம். கேட்டேன். "அடடே, இத்தனை நாளா நான் கவனிக்கவேயில்லையே" என்று அவ்வளவு அழகாக ஆச்சரியப்பட்டார். அவர் கொடுத்த தண்ணீரைக்கூட நான் குடிக்காமல் வந்திருக்கலாம் என்று தோன்றியது. மூன்றாவது வண்டியின் சொந்தக்காரர் நான் பானட்டைத் தொட்டதுமே சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்தால் அத்தான் உட்கார்ந்திருக்கிறார். "என்ன மச்சினி, ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் மோந்து பாத்துக்கிட்டுத் திரியுறியாமே? என் வண்டி சும்மாத்தானே நிக்குது. நீயே எடுத்துக்கோ. நான் பெருசா ஒண்ணு பாக்கப் போறேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சாம்பல் நிற வண்டிதான், பளபளவென்று இருக்குமே. தெரிந்த மனிதர், தெரிந்த வண்டி. இனி யாருடைய பொய்யையும் மோந்து பார்க்க வேண்டாம்.

சந்தோஷத்தோடு
மூக்கி


பிப்ரவரி 8

மூக்கிக்கு,

நலம். அத்தான் வண்டி வேண்டாம். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துவிடு. வேறு பார்.

அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணா,

நலமா என்று கேட்கவே கோபமாக வருகிறது. சேற்றுக்கோட்டுக்கு அரைப்பக்கம் எழுதுகிறவன், சொந்த அத்தான் வண்டிக்கு ஒற்றை வரியா? ஏன் வேண்டாம்? சொந்தத்துக்குள் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்கிறாயா? வண்டியில் கோளாறா? உனக்கும் அத்தானுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?

நான் என்ன சாக்குச் சொல்வது? அக்கா தினமும் கேட்கிறாள். அவள் கேட்டால் எனக்கு மறுக்க வராது, உனக்குத் தெரியும். உன்னைப் படிக்க வைத்தவள், எனக்குத் தலை பின்னிவிட்டவள். காரணம் எழுது. உடனே எழுது.

மூக்கி


மார்ச் 5

என் தங்கத்துக்கு அக்கா எழுதிக்கொள்வது,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று நினைக்காதே. நேரில் வந்தால் நீ நோயாளி வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாய். தம்பிக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறாயாம், நானும் எழுதிப் பார்க்கிறேன்.

வண்டி விஷயத்தில் ஏன் இழுத்தடிக்கிறாய்? அத்தான் உனக்காக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார் தெரியுமா? வெளியில் கொடுத்தால் கூடவே கிடைக்கும். உனக்கென்றால் சகாய விலை. சீட்டுக்கெல்லாம் புது உறை போட்டு வைத்திருக்கிறார். தம்பி ஏதாவது சொன்னானா? அவன் எதையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற வேலையில் இருப்பவன், அவன் பேச்சைக் கேட்டால் நீ சைக்கிள்கூட வாங்க மாட்டாய்.

இந்த மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொண்டால் நல்லது. அத்தானுக்கு அடுத்த வண்டிக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

உன் நலமே வேண்டும்
அக்கா


மார்ச் 22

அண்ணா,

ஐந்து வாரமாகிவிட்டது, உன்னிடமிருந்து பதிலில்லை. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார முடியவில்லை, உடம்பெல்லாம் எரிகிறது.

நீ காரணம் சொல்லவில்லை. சரி, நீ முதலில் சொல்லிக்கொடுத்ததையே செய்து பார்ப்போம் என்று, ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போய், அத்தானுக்குத் தெரியாத ஒரு பட்டறையில் வண்டியை மேலே தூக்கச் சொன்னேன். மெக்கானிக் விளக்கைப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். "இது ஒரு வண்டி இல்லம்மா, ரெண்டு வண்டி" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, ஒரு தழும்பு. மேலே கறுப்புத் தார் பூசியிருந்தார்கள். அவர் சுரண்டியதும் உள்ளே துருப்பிடித்த ஒட்டுத் தகடு தெரிந்தது. ஒரு வண்டியின் முன்பாதி, வேறொரு வண்டியின் பின்பாதி. வேகமாகப் போகும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தால் போதும் என்றார். நான் எத்தனையோ காயத்துக்குத் தையல் பிரித்தவள். கழுவாத புண்ணின்மேல் பவுடர் பூசி மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், வண்டி நடுவுல ஒட்டுப் போட்டிருக்கே?"

"யார் சொன்னா? பட்டறைக்காரன் சொல்றதையெல்லாம் நம்புவியா? அவனுக்கு வேலை வேணும், அதான் பயமுறுத்துறான்."

"நானே கண்ணால பாத்தேன்."

கை கழுவிவிட்டு வந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. "பாத்தா என்ன? ரெண்டு வருஷமா நான் ஓட்டலியா? செத்தா போய்ட்டேன்?"

நான் அக்காவைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

அவள் தட்டை எடுத்தாள். "நீ என்ன வெளியூருக்கா ஓட்டிட்டுப் போகப் போறே? ஊருக்குள்ள மெதுவாத்தானே போவே. அதுக்கு இது போதும்டி" என்றாள்.

அண்ணா, அதைக் கோபமாகச் சொல்லவில்லை. புடவைக்கு விலை சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு இது போதும். நான் மெதுவாகத்தானே போவேன், மெதுவாகத்தானே சாவேன்.

கிளம்பும்போது அத்தான் வாசல்வரை வந்து சிரித்தார். "என்கிட்ட குதிக்கிறியே, உங்க அண்ணனைக் கேளு. அந்த வண்டி எங்க கிடக்குதுன்னு எனக்குக் காட்டினதே அவன்தான்."

அப்படியா? ஒரு வரி எழுது. உனக்கு ஒரு வரி எழுதத்தான் நன்றாக வருமே.

மூக்கி


ஏப்ரல் 25

அன்பு மூக்கிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு சுமார்.

ஆமாம். பின்னால் லாரி ஏறி நசுங்கிய வண்டி அது. இனி இது ஓடக்கூடாது, பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்று எழுதியவன் நான். அத்தான் உதிரி பாகத்துக்கு வேண்டும் என்றார், கிடக்கிற இடத்தைச் சொன்னேன். வண்டியின் பதிவை ரத்து செய்யும்படி பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டியதுதான் முறை. "பார்ட்ஸ் கழட்டி முடிக்கிறவரைக்கும் பொறு மச்சான்" என்றார், பொறுத்தேன். ஆறு மாதம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தபோது அது பளபளவென்று வாசலில் நின்றது. சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டேன்.

உன்னிடம் வேண்டாம் என்று எழுதினேன். அக்காவை வைத்துக்கொண்டு வேறென்ன எழுதச் சொல்கிறாய்? நீ வாங்கவில்லை. அதோடு முடிந்தது என்று விட்டுவிடு.

அண்ணன்


மே 30

அண்ணா,

முடியவில்லை.

அத்தான் வண்டியைத் தையற்கடைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். என் நோயாளி ஒருவரின் தெருவில்தான் அவர் வீடு. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். வண்டிக்குள் குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடுவதைப் பார்த்துவிட்டு என்னால் அந்தத் தெருவைத் தாண்ட முடியவில்லை. உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன், சொந்த அத்தான் என்பது உட்பட. அவர் முகம் வெளுத்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தெய்வம் மாதிரி வந்து சொன்னீங்கம்மா. இனி என் பிள்ளைங்களை இதுல ஏத்த மாட்டேன்" என்றார் அவர். உலகத்தில் ஒரு இடமாவது சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நேற்று அதே வண்டியின் கண்ணாடியில் ஒரு அட்டை: "விற்பனைக்கு. ஒரே கையில் இருந்த குடும்ப வண்டி."

போய்க் கேட்டேன். இந்தத் தடவை உள்ளே கூப்பிடவில்லை. "உங்க அத்தான் பணத்தைத் திருப்பித் தர மாட்டேன்னுட்டார். நான் ஏமாந்தேன்னா நானே கட்டிக்கிட்டு அழணுமா? வாங்குறவன் பாத்து வாங்கட்டும்" என்றார். என் கையைப் பிடித்து அழுத அதே பெண் பக்கத்தில் நின்று, "ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போயிருக்கார். நீங்க ஏதாவது சொல்லிக் கெடுத்துறாதீங்க" என்றாள். வந்து பார்த்தவர் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகிறவர். அவரிடமும் போனேன். "தையற்காரருக்கும் உங்களுக்கும் ஏதோ தகராறாமே, அவர் முன்னாடியே சொல்லிட்டார்" என்று சிரிக்கிறார்.

இப்போது யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்த எலுமிச்சை வாசனை அடிக்கிறது. அத்தானை விடு, அக்காவை விடு. நீ முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாயே, உன்னை நினைத்தால்தான் அதிகமாகக் குமட்டுகிறது. எனக்கு மட்டும் வேண்டாம் என்றாய். அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? என் வாய்ச்சொல்லை யாரும் நம்பவில்லை. உன் கையெழுத்தை நம்புவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத இன்று கை வரவில்லை.

மூக்கி


ஜூலை 18

மூக்கிக்கு,

உன் கடிதம் கிடைத்த பிறகு நான் எதுவும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் எல்லாம் சமாதானமாகவே வந்தது, கிழித்துப் போட்டேன்.

லீவு போட்டுவிட்டு உன் ஊருக்கு வந்தேன். பதிவு அலுவலகத்தில் அன்றே கொடுத்திருக்க வேண்டிய கடிதத்தைக் கொடுத்தேன். ஏன் இத்தனை தாமதம் என்று அதிகாரி கேட்டார். அத்தான் கேட்டுக்கொண்டார், நான் ஒத்துக்கொண்டேன் என்று அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பள்ளி வண்டிக்காரர் அதற்குள் வண்டியை எடுத்துப்போய், கூரையில் மஞ்சள் பட்டைகூட அடித்துவிட்டார். அலுவலக ஆட்களோடு நானும் போனேன், அவர் வீட்டு வாசலில் வைத்தே பறிமுதல் செய்தார்கள். எங்களைத் திட்டினார், மண்ணை வாரி இறைத்தார்.

மறுநாள் பழைய இரும்புக் கிடங்கில் நான் கூடவே நின்றேன். வெட்டுவதற்கு முன்னால் வண்டியை நகர்த்த கிரேனால் தூக்கினார்கள். ஓர் ஆள் உயரம்கூட எழும்பவில்லை. நடுவில் அந்த இடத்தில் வாய் பிளந்தது. பின்பாதி கீழே விழுந்தது. ஒட்டின இடத்தில் பாதிக்கு மேல் வெறும் பள்ளம் நிரப்புகிற பூச்சு மாவு, அதற்குள் எண்ணெய் டின்னை வெட்டின தகடு. கிடங்கு ஆட்கள் சிரித்தார்கள். பின் சீட்டில் ஏதோ குழந்தையின் ரிப்பன் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

பள்ளி வண்டிக்காரர் தையற்காரரைப் பிடித்தார், தையற்காரர் அத்தானை. கடை வாசலில் கூட்டம் கூடியதும் அத்தான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் வழக்கு. என்னை ஆபீசில் வெளிவேலையிலிருந்து எடுத்து, விசாரணை முடியும்வரை மூலையில் ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்கள். அக்கா போன் செய்து, "உன்னைப் படிக்க வச்ச காசுக்கு ஒரு மாடு வாங்கியிருக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உன் வீட்டு வாசல்வரை வந்தேன். கதவு திறந்திருந்தது. நீ கட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாய். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

அண்ணன்


செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணா,

உன் முதுகு எப்படி இருக்கிறது? மூலை மேஜையில் நாற்காலியாவது சரியாக இருக்கிறதா? விசாரணையில் என்ன சொன்னார்கள் என்று எழுது. அடுத்த முறை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினால் துரத்திக்கொண்டு வந்து உதைப்பேன். எனக்கு உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. உள்ளே வந்து உட்கார்ந்தால், நேரிலேயே திட்டி முடித்துவிடலாம்.

கார் வாங்கிவிட்டேன். ஒரு ரொட்டிக்கடைக்கார அம்மா விற்றார். நான் பானட்டைத் தொடுவதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்: "இடது கண்ணாடி இறங்காது. ரெண்டாவது கியர் விழும்போது கத்தும். மழை பெஞ்சா பின்னாடி ஒழுகும். நிறம் எனக்கே பிடிக்கல. வேணும்னா எடு, வேணாம்னா நேரத்தை வீணாக்காதே, அடுப்பு எரியுது." நான் பெல்ட்டை இழுத்தேன், கண்ணாடிகளைப் பார்த்தேன், அதே பட்டறையில் தூக்கியும் பார்த்தேன். மெக்கானிக், "அசிங்கமா இருக்கு. ஆனா ஒரே வண்டிதான்" என்றார். இப்போது சிலிண்டர் டிக்கியில் கிடக்கிறது, நான் நனையாமல் போகிறேன்.

ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். நேற்றுக் காலை அக்கா வந்தாள். நாலு மாதமாக என்னை எதிரில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறவள், கையில் பையோடு வாசலில் நின்றாள். கண்ணில் புரையாம், ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அத்தானிடம் வண்டி இல்லை. "பஸ்ல போனா கூட்டத்துல இடிப்பாங்க. நீ கொண்டுபோய் விடு" என்றாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

நான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவள் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். கதவை ஆட்டிப் பார்த்தாள்.

"வண்டி நல்ல வண்டிதானே?" என்றாள். "அடியில எல்லாம் செக் பண்ணிட்டியா? பாதியில ஏதாவது ஆயிடாதே?"

அண்ணா, அவள் முகத்தை நான் நன்றாக உற்றுப் பார்த்தேன். குத்திப் பேசவில்லை. வெட்கமும் இல்லை. தன் உயிரைப் பற்றி உண்மையான கவலையோடு கேட்டாள்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்காரக் காலைத் தூக்கினாள்.

"பின்னாடி உக்காரு" என்றேன்.

உன்
மூக்கி